சின்னவன் குரலை இறக்கு

ஜனவரி 11

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

திருப்புளி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை முடிந்து எழுந்தால் மட்டும் காது கொஞ்ச நேரம் ஊளையிடுகிறது. அங்கே உங்களுக்கும் அண்ணிக்கும் எப்படி? சின்னண்ணன் தொண்டை இன்னும் கரகரப்புத்தானா? வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பேசாத சின்னண்ணனை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அண்ணியின் காதுக்காவது கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் பாடியதில் நன்றாக ஓடிய பதினாறு பாட்டுகளைச் சேர்த்து ஒரே இசை வட்டாகப் போடப் போகிறது கம்பெனி. மிக்ஸிங் வேலை எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறது. கம்பெனி மேலாளர், "நீங்க அவங்க தம்பியாமே, அப்ப விலையில சலுகை உண்டா?" என்று கேட்டார். "தம்பிங்கிறதால ரெண்டு மடங்கு" என்றேன். மே மாதம் வெளியீடு.

மூல டேப்புகள் ஈரம் ஏறிப் பிசுபிசுத்துக் கிடந்தன. அப்படியே ஓட்டினால் பாட்டு உரிந்து கையோடு வந்துவிடும். மிதமான சூட்டில் வைத்து உலர்த்தினேன், இப்போது ஓடுகின்றன. உங்கள் குரல் ஒரு தடத்தில், சின்னண்ணன் குரல் இன்னொன்றில், வாத்தியங்கள் மற்றவற்றில். எதை வேண்டுமானாலும் தனியாகத் திறக்கலாம். நேற்று ரயில் பாட்டில் சின்னண்ணனை மட்டும் திறந்து கேட்டேன். எனக்கு வர்ணிக்கத் தெரியாது. அந்தக் குரலைப் பழைய வட்டில் கிணற்றில் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நான் தூக்கி வெளியே எடுக்கப் போகிறேன். முதலில் உங்கள் சம்மதம் வேண்டும்.

எல்லோருக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
திருப்புளி

ஜனவரி 24

தம்பி திருப்புளிக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு வழக்கமான முதுகுவலி, அண்ணிக்கு வழக்கமான நான். மற்றபடி சுகம். வீட்டு ரேடியோவைத் திருகிப் பாழாக்கி, திருப்புளி என்று பெயர் வாங்கிய பயலுக்கு எங்கள் பாட்டையே திருகக் கொடுத்திருக்கிறார்கள் என்று நானும் அண்ணியும் பேசிக்கொண்டோம். சந்தோஷம்.

இனி இது பற்றிப் போன் செய்யாதே. ஓர் அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கிற வீடு இது. எழுது. மேல் மாடியில் நான் தங்கியிருக்கும் அறைக்குத் தனித் தபால் பெட்டி உண்டு.

சின்னவனுக்குத் தொண்டையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். ஆபரேஷன் பற்றிப் பேசுகிறார்கள். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்வான். நீ அதை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

சம்மதம் கேட்டிருக்கிறாய். பதினாறு பாட்டிலும் சின்னவன் குரலை இறக்கு. என் குரலுக்குக் கீழே, வாத்தியத்துக்கு மேலே, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் வை. முதலில் இரண்டு மூன்று பாட்டைச் செய்து கேசட்டில் பதிந்து அனுப்பு. அவனோடு உட்கார்ந்து கேட்கிறேன். காரணம் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

பெரியண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள பெரியண்ணனுக்கு,

நான் நலம். முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றுங்கள், தைலத்தை அல்ல. சின்னண்ணன் ஆபரேஷனுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறான்? என் கூட வேலை செய்பவன் தொண்டையில் சதை வளர்ந்து எடுத்துவிட்டு, அடுத்த வாரமே வந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேசட் இத்துடன் இருக்கிறது. ரயில் பாட்டு, மழைப் பாட்டு, தாலாட்டு மூன்றும். சொன்னபடி இறக்கியிருக்கிறேன். கேட்பதற்கு ஒற்றைக் காலில் தள்ளாடி நிற்கிறவன் மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குச் சுற்றி வளைக்க வராது. உங்கள் குரல் தரை. தரை வேண்டும்தான். ஆனால் வீட்டுக்குள் வருகிறவன் தரையைப் பார்க்க வருவதில்லை.

எங்கள் ஸ்டூடியோவில் வட்டு வெட்டும், அதாவது டேப்பில் உள்ள பாட்டை வட்டில் பதிக்கும், அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு நீங்கள் யாரென்றும் தெரியாது, நான் யாருடைய தம்பி என்றும் தெரியாது. தலையில் ஹெட்போனை மாட்டியவர் நிமிர்ந்து, "யாருப்பா இது, கூடப் பாடினவரைப் பட்டினி போட்டிருக்காங்க?" என்றார். 

ஒரு முறை கேட்டுவிட்டு, தப்பு என்று எழுதுங்கள். அன்றைக்கே மாற்றிவிடுகிறேன். பதில் சீக்கிரம் வேண்டும்.

இப்படிக்கு,
திருப்புளி

பிப்ரவரி 20

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைச்சல். உன் காது இப்போது ஊளையிடுவதில்லை என்று நம்புகிறேன்.

கேசட்டை மூவருமாகக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். சின்னவன் தலையைக் குனிந்தபடியே கேட்டான். முடிந்ததும் சிலேட்டை எடுத்து, "இதுல நான் எங்கே?" என்று எழுதினான். நான், "எப்பவும் இவ்வளவுதான்டா. மேல ஒரு பூச்சு. ஜனங்க கேட்டது என் வரியைத்தான்" என்றேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் சிலேட்டைத் துடைத்தான். பிறகு, "எனக்கு வேற மாதிரி ஞாபகம்" என்று எழுதி, தானே அழித்துவிட்டான். அன்று நன்றாகச் சாப்பிட்டான். மறுநாள் டாக்டரைப் பார்க்க, கூப்பிடாமல் தானாகவே கிளம்பினான்.

அதனால் நீ செய்தது சரி. இன்னும் இறக்கு. தாலாட்டின் முடிவில் அவன் தனியாகப் பாடும் இடத்தை வெட்டிவிடு. அங்கே நான் பாடிய பதிவு ஒன்று டேப்பில் எங்காவது கிடக்கும், அதைப் போடு.

வீட்டிலிருந்து ரேடியோவை எடுத்துவிட்டேன். எங்கள் பழைய வட்டுகளையும் மேலே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டேன். கூடத்தில் நல்ல அமைதி. ஏப்ரல் பாதிக்குமேல் ஆபரேஷன் செய்து பயனில்லை என்கிறார் டாக்டர்.

குளிரில் அலையாதே.

பெரியண்ணன்

பிப்ரவரி 27

பெரியண்ணனுக்கு,

நான் நலமாக இருந்தேன், உங்கள் கடிதம் வரும்வரை. வீட்டில் உள்ளவர்களின் சுகத்தை விசாரிக்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அவன் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் ரேடியோவை எடுத்துவிட்டீர்கள், வட்டுகளைப் பூட்டிவிட்டீர்கள், 'நீ வெறும் பூச்சு' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறீர்கள். அவன் நன்றாகச் சாப்பிட்டதை எனக்கு நல்ல செய்தியாக எழுதுகிறீர்கள். இதற்கு என்ன பெயர்?

நான் பெயர் சொல்கிறேன். மேடையில் எப்போதும் அரை அடி முன்னால் நின்றது நீங்கள். மைக்கில் நன்றி சொன்னது நீங்கள். பேட்டி கொடுத்தது நீங்கள். ஆனால் கூட்டம் எழுந்து நின்றது அவன் மேலே போகும்போது. அது உங்களுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டீர்கள். இப்போது அவன் வாய் கட்டியிருக்கிறது, தம்பி கையில் குரலை ஏற்றி இறக்கும் ஃபேடர் இருக்கிறது, முடித்துவிடலாம் என்று பார்க்கிறீர்கள்.

நான் இயந்திரம் படித்தவன். இறக்கச் சொன்னால் இறக்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். தாலாட்டை வெட்ட மாட்டேன். தவறாக இருந்தால், என்ன விஷயம் என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

திருப்புளி

மார்ச் 15

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். உனக்கு உடம்பு நன்றாக இருக்கட்டும்.

நீ எழுதியதையெல்லாம் எழுத உனக்கு உரிமை உண்டு. நான் சொன்னதைச் செய். மார்ச் கடைசியில் கையெழுத்துப் போடுவதாகச் சின்னவன் சிலேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தச் சிலேட்டை அழிக்காமல் அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

அவனுக்கு எதுவும் எழுதாதே. எதுவானாலும் எனக்கு எழுது.

பெரியண்ணன்

மார்ச் 22

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

எப்படி இருக்கிறாய்? தொண்டை வலிக்கிறதா? தூக்கம் வருகிறதா? உன்னிடம் நேராகக் கேட்டு இரண்டு மாதமாகிறது. தப்பு என்னுடையதுதான்.

இத்துடன் ஒரு சோதனை வட்டு இருக்கிறது, எங்கள் ஸ்டூடியோவில் வட்டு வெட்டும் அக்கா வெட்டிக் கொடுத்தது. பெரியண்ணன் மருந்து வாங்க வெளியே போகும்போது கேள். ஹெட்போனில் கேள். பதினாறு பாட்டும் இருக்கின்றன. இவற்றில் நான் எதையும் சேர்க்கவில்லை. எக்கோ இல்லை, ஈக்வலைசரைத் தொடவில்லை. உன் குரலைத் திறந்து, அது இருந்த உயரத்திலேயே விட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் போன மாதம் கூடத்தில் கேட்டது நீ பாடியதல்ல. அது பெரியண்ணன் சொல்லி நான் இறக்கியது. செய்தது என் கை என்பதால்தான் எழுதுகிறேன்.

ரயில் பாட்டில் இரண்டாம் சரணத்தைக் கவனி. நீ மேலே போகும்போது வாத்தியக்காரர்கள் ஒரு கணம் வாசிப்பை விட்டுவிட்டார்கள். அது எழுதி வைத்து விட்ட இடைவெளி அல்ல. ஆறு பேரும் மறந்துவிட்டார்கள். தடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டேன், எல்லாம் வெறுமையாக இருக்கின்றன, நீ மட்டும் இருக்கிறாய். தாலாட்டு முடிவில் நீ தனியாகப் பாடியதும் அப்படியே இருக்கிறது. அதை வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை.

நான் பாராட்டத் தெரியாதவன், உனக்குத் தெரியும். நீ வாங்கித் தந்த சட்டையையே 'துணி பரவாயில்லை' என்றவன். ஆகவே நம்பு. பெரியண்ணனின் இடத்தில் வேறு யாரை வைத்தாலும் பாட்டு நிற்கும். உன்னை எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. யார் என்ன சொன்னாலும் அந்தக் குரலை விட்டுக்கொடுக்காதே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்கு மருந்து சாப்பிடு.

உன்
திருப்புளி

ஏப்ரல் 1

என் அருமைத் திருப்புளி,

சுகமா என்று கேட்டிருந்தாய். சொன்னால் நம்ப மாட்டாய், ரொம்ப நாளைக்குப் பிறகு சுகமாக இருக்கிறேன். நீ எப்படி? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை எலும்பு தெரிகிறதா?

வட்டைக் கேட்டேன். பெரியவன் வெளியே போனபோது ஒரு தடவை. அப்புறம் அவன் வீட்டில் இருக்கும்போதே, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தமாக. அவன் மாடிப்படியில் பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.  அவனைத் திட்டாதே. பாவம், அவன் கணக்கு வேறு.

உனக்கு எல்லா விவரமும் அவன் எழுதியிருப்பான். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், மூச்சு அதன் வழியாக. எடுத்தால் கிழவனாகிச் சாகலாம். எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்ப்பதே சந்தேகம். இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. பெரியவன், 'உன் குரல்ல அப்படி என்னடா இருக்கு, அது போனா யாருக்குத் தெரியப் போகுது' என்பான். அண்ணி அழுவாள். அந்தக் கேசட்டைக் கேட்டபோது, அவன் சொல்வதும் சரிதான், இதற்காகவா சாவது என்று தோன்றிவிட்டது. சரி என்றேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து எடு எடு என்றபோது, எல்லாம் தெரிந்தும் விட்டுக்கொடுக்காதே என்று எழுதியவன் நீ ஒருவன்தான். நீ பொய் சொல்ல மாட்டாய். வீட்டில் ஓர் ஆளாவது என் பக்கம் இருக்கிறான் என்றால் போதும்டா எனக்கு.

நேற்று கையெழுத்துப் போட வேண்டிய நாள். டாக்டர் முன்னால் சிலேட்டை எடுக்கவில்லை. வாயைத் திறந்தே சொன்னேன், "வேண்டாம் டாக்டர்" என்று. என் குரல் எனக்கே கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த வட்டு வெட்டும் அக்காவுக்கு என் வணக்கம்.

உன்
சின்னண்ணன்

ஏப்ரல் 6

சின்னண்ணா,

என்னைப் பற்றி விடு. எனக்கு எதுவும் தெரியாது. அவர் எனக்கு எழுதவே இல்லை. தொண்டையில் ஆபரேஷன் என்று மட்டும் எழுதினார், நான் ஏதோ சதை என்று நினைத்தேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த உடனே டாக்டரிடம் போய்க் கையெழுத்துப் போடு. ஏப்ரல் பாதிவரை நேரம் இருக்கிறது.

போன் செய்தேன். நீ பேச மறுத்துவிட்டாய். அண்ணிதான் எடுத்தார். "தம்பி, ரெண்டு மாசமா வாயே திறக்காத மனுஷன் காலையிலேர்ந்து பாடிட்டு இருக்காரு. பாதிதான் வருது. ஆனா நல்லாத்தான் இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். பின்னால் நீ பாடுவது கேட்டது. ரிசீவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் எழுதுவதைக் கவனமாகப் படி. அந்த வட்டில் இருப்பது உன் குரல் அல்ல. மேலே போகிற இடங்களிலெல்லாம் ஈக்வலைசரை ஏற்றினேன். எக்கோ சேர்த்தேன். சுருதி விலகிய இடங்களை இயந்திரத்தால் இழுத்து நிறுத்தினேன். ரயில் பாட்டில் வாத்தியங்களை நிறுத்தியது நான். இந்த வேலைகளைச் செய்தால் எங்கள் வாட்ச்மேன்கூட அப்படித்தான் பாடுவார். பெரியண்ணன் மேல் இருந்த கோபத்தில் செய்தேன். உண்மையில் நீ பாடியது கேசட்டில் இருக்கிறதே, அதுதான். சாதாரணக் குரல். நல்ல குரல், ஆனால் சாதாரணம். உயிரைக் கொடுக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. எதுவும் சேர்க்காத வேறொரு வட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அதையும் கேள். சந்தேகமிருந்தால் யாரை வேண்டுமானாலும் கேள்.

விடுப்புச் சொல்லிவிட்டேன். விமானச் சீட்டு இருபத்தைந்தாம் தேதிக்குத்தான் கிடைத்தது. நான் வரும்போது நீ கழுத்தில் கட்டோடு படுக்கையில் இருக்க வேண்டும். சிலேட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன் சுகத்தை வேண்டி,
திருப்புளி

ஏப்ரல் 21

தம்பி திருப்புளிக்கு,

உனக்குத் தூக்கம் இருக்காது என்று தெரியும். ஆனாலும் படுத்துக்கொள். எனக்கு முதுகுவலி போன இடம் தெரியவில்லை. அண்ணி நடமாடுகிறாள், சமைக்கிறாள்.

உன் கடிதத்தைச் சின்னவன் எங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினான். வாட்ச்மேன் வந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்து, துணியில் ரத்தம் பட்டது. அதைத் துடைத்துவிட்டு, "பாவம்ணா, இவனுக்குப் பொய் சொல்லவே வரலை. பக்கம் பக்கமா முயற்சி பண்ணியிருக்கான்" என்றான். நீ அனுப்பிய இரண்டாவது வட்டை அவன் பிரிக்கவே இல்லை.

இதற்குப் பயந்துதான் உனக்கு எழுதவில்லை. காரணம் தெரிந்து நீ குரலை இறக்கியிருந்தால், நீ அவனுக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியிலேயே அது தெரிந்துவிடும், அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்தேன். தெரியாமல் இருந்தால் சொன்னதைச் செய்வாய் என்றும் நினைத்தேன். என் தம்பிகள் இருவரையும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

டாக்டர் சொன்ன நாள் போய்விட்டது. நானும் அண்ணியும் ஆஸ்பத்திரி வாசல்வரை அவனை இழுத்துப்போனோம். உள்ளே வந்தான், டாக்டரிடம் ஒரு பாட்டின் இரண்டு வரியைப் பாடிக் காட்டினான், வெளியே வந்துவிட்டான். டாக்டர் என்னைப் பார்த்தார். இனி அந்த வழியில்லை. வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்.

பதினாறு பாட்டிலும் அவன் குரலை ஏற்று. எவ்வளவு மேலே வைக்க முடியுமோ வை. என்னை எங்கே வேண்டுமானாலும் போடு. மே மாதம்வரை இழுக்காமல், முன்கூட்டியே வெளியிட முடியுமா என்று மேலாளரைக் கேள். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடு.

இருபத்தைந்தாம் தேதி வா. ஆனால் வாதாட வராதே. அவனிடம் மன்னிப்பும் கேட்காதே. உன்னால்தான் பாடுகிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான், அதைக் கெடுக்காதே. காலையில் கொஞ்ச நேரம் குரல் வருகிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விடுகிறது. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுருங்குகிறது. வரும்போது பதிவு இயந்திரத்தையும் மைக்கையும் எடுத்து வா. ஒரு மைக் போதும். நான் பாடப் போவதில்லை.

பெரியண்ணன்